பதினெட்டிலிருந்து பத்தொன்பது

...பதினெட்டில் ஆரம்பித்தால் ஏற்றம், இருபத்தொன்றில் ஆரம்பித்தால் இறக்கம், விஷயம் இவ்வளவுதான், இதற்குப் போய் மகள் ஒரு வாரமாகத் தொலைபேசியில் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருக்கிறாள், இருப்பது மொத்தமே மூன்று எண்கள், பதினெட்டு, இருபத்தொன்று, பத்தொன்பது, மறதிக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் நான்கு மாதத்துக்கு ஒருமுறை பரிட்சை வைத்து, முப்பதுக்கு இத்தனை என்று இவள் அம்மாவுக்குப் போட்ட மதிப்பெண்கள், மூன்று எண்களைக் கையில் கொடுத்தால் ஒரு ஊரையே அழவைத்து அதே ஊரை அடுத்த வரியில் சிரிக்கவைக்கத் தெரிந்த மனிதரிடம் வந்து இந்தப் பெண் புள்ளிவிவரம் பேசுகிறாள், யாரிடம், சராசரியிடம்... நகரப் பேருந்து நிர்வாகத்தின் புள்ளிவிவரப் பிரிவில் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்து எழுந்தவர், உட்கார்ந்த உட்காரலில் அந்த நாற்காலி அவர் அச்சுக்கே குழிந்துபோய், அவர் ஓய்வு பெற்ற பிறகு வேறு எந்தப் பிறவியும் அதில் உட்கார முடியாமல் மொட்டை மாடியில் மழை நீர் பிடிக்க வைத்திருப்பதாகக் கேள்வி, சராசரி என்பது டிரைவர்களும் கண்டக்டர்களும் அவருக்கு வைத்த பெயர், முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேரே, கடைசியில் வழியனுப்பு விழாவின் சந்தன மாலையிலேயே அந்தப் பெயரைத் தொங்கவிட்டார்கள். நான்கு மணிக்கு மகள் வருகிறாள். பராமரிப்பு இல்லத்தில் ஒரே ஒரு படுக்கை காலியாம், ஜன்னலோரமாம், இன்று மாலைக்குள் ஆமாம் என்று சொல்லாவிட்டால் வேறு யாருக்கோ போய்விடுமாம்... போகட்டுமே, அந்த வேறு யாரோ ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கட்டும், இங்கேயும்தான் ஜன்னல் இருக்கிறது, மனைவியும் இருக்கிறாள், இதோ எதிரில், சாப்பாட்டு மேஜை நிறையக் குவிந்து கிடக்கும் துவைத்த துணிகளுக்கு அந்தப் பக்கம், துண்டுகளை எடுத்து மூலைக்கு மூலை சேர்த்து, நீவி, மடித்து, அடுக்கிக்கொண்டிருக்கிறாள், அடுக்கு ஒரு பக்கமும் சாயவில்லை, பார்த்துக்கொள் மகளே, துண்டு மடிப்பில் முப்பதுக்கு முப்பது, இதை ஏன் அந்த டாக்டர் பரிட்சையில் வைக்கவில்லை, நூறிலிருந்து ஏழைக் கழி, திரும்பக் கழி, திரும்பக் கழி என்று வைத்திருக்கிறார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்து யாராவது குடும்பம் நடத்தியிருக்கிறார்களா?

முதல் பரிட்சையில் அவள் டாக்டரையே ஒரு கேள்வி கேட்டாள், ஏன் ஏழு, ஆறு ஏன் இல்லை, எதை வைத்து ஏழுன்னு முடிவு பண்ணீங்க... அந்தச் சின்னப் பையன் டாக்டர் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அந்தக் கேள்விக்கே பன்னிரண்டு மதிப்பெண் போட்டிருக்கலாம், போடவில்லை, ஏனென்றால் அவனுக்குத் தெரியாது இவள் யார் என்று, ஊழியர் சங்கத்தின் கணக்குப் புலி, சங்கத்தில் எல்லோரும் இவளைப் பூதக்கண்ணாடி என்றார்கள், நிர்வாகத்தில் வேறு பெயர் வைத்திருந்தார்கள், அதை வீட்டில் சொல்ல முடியாது. அவரும் அவளும் ஒரே பேருந்துகளை எண்ணினார்கள், அவர் நிர்வாகத்துக்காக, அவள் சங்கத்துக்காக, அதுதான் வேடிக்கை. போன வருடம் நானூறு பேருந்துகள் வழியில் நின்றுபோயின, இந்த வருடம் முந்நூறுதான், ஆகவே பழுது கால் பங்கு குறைந்துவிட்டது என்று அவர் கூட்டு ஆலோசனைக் கூட்டத்தில் எழுந்து படித்தார், நிர்வாக இயக்குநர் கைதட்டினார், மின்விசிறிகூடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றியது போலிருந்தது, அப்போது எதிர்வரிசையில் ஒரு ஒல்லிப் பெண், தடித்த மூக்குக்கண்ணாடி, எழுந்திருக்கக்கூட இல்லை, சார், போன வருஷம் ஓடின பஸ் எண்ணூறு, இந்த வருஷம் ஐந்நூறுதான் ஓடுது, மீதியை ஷெட்டில் போட்டு வச்சிருக்கீங்க, அப்ப ரெண்டு பஸ்ஸுக்கு ஒண்ணு நின்னுச்சு, இப்ப அஞ்சு பஸ்ஸுக்கு மூணு நிக்குது, இது குறைஞ்சதா, கூடினதா, நீங்களே சொல்லுங்க, எனக்கு அவசரம் இல்லை... அவ்வளவுதான். தேநீர் ஆறிப்போயிற்று, இயக்குநர் தட்டிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேஜைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார், சராசரிக்குக் காது மடல் சிவந்து, வியர்த்து, அந்த நிமிடமே கல்யாணம் செய்துகொண்டால் இவளைத்தான் என்று தோன்றியது, தோற்ற மனிதனுக்குத் தோன்றுகிற எண்ணமா அது, ஆனால் தோன்றியது, என்ன செய்ய...

கல்யாணத்துக்கு நிர்வாகத்தார் ஒரு பக்கமும் சங்கத்தார் ஒரு பக்கமும் உட்கார்ந்து ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே சாப்பிட்டார்கள், பெண் வீடு எது, மாப்பிள்ளை வீடு எது என்று யாரும் கேட்கவே இல்லை. மாதக் கடைசி ஞாயிறு பிற்பகல்தான் அறிக்கை எழுதும் நேரம், இருவருக்கும் அதே நேரம், வீட்டில் இருந்ததோ ஒரே மேஜை, இந்த மேஜை, ஆகவே நடுவில் ஒரு பெட்டியைச் செங்குத்தாக நிறுத்திவைத்தார்கள், நீலத்தில் ஒரு பெரிய பயணப் பெட்டி, அந்தப் பக்கம் சங்கம், இந்தப் பக்கம் நிர்வாகம், எட்டிப் பார்க்கக் கூடாது, கால்குலேட்டரும் அழிரப்பரும் மட்டும் பெட்டிக்கு மேலே போய்வரலாம், இவர் கேட்டால் அவள் கொடுப்பாள், அவள் கேட்டால் இவர் கொடுப்பார், ஆனால் அவள் கால்குலேட்டர் தட்டும் சத்தத்திலேயே தெரிந்துவிடும், வகுத்தல் போடுகிறாள், எதையோ எதாலோ வகுக்கிறாள், அவள் வகுத்தாலே இவர் தன் அறிக்கையை முதலிலிருந்து திரும்பப் படிப்பார், பெருக்குகிறவர்களை நம்பலாம், வகுக்கிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். முடிந்ததும் பெட்டியைக் கீழே இறக்கிவிட்டு அறிக்கைகளை மாற்றிக்கொண்டு படிப்பார்கள், படித்துச் சிரிப்பார்கள், ஊழியரின் சராசரிச் சம்பளம் உயர்ந்தது என்று இவர் எழுதியிருப்பார், இயக்குநர் சம்பளத்தையும் சேர்த்துப் போட்டுச் சராசரி பார்த்தா எங்க வாட்ச்மேனும் லட்சாதிபதிதான், எல்லாரையும் உயர வரிசையில நிக்கவச்சு நடுவுல நிக்கிறவர் பாக்கெட்டைத் தடவிப் பாருங்க என்று அவள் எழுதியிருப்பாள், இரண்டும் அச்சாகும், இரண்டும் உண்மை, அதுதான் இந்தத் தொழிலின் அழகு, ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஊரையே இரண்டாகப் பிரித்துவிடலாம். மேஜையின் அகலவாட்டில், பெட்டி மறைக்காத இடத்தில், குழந்தை உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள், அவளுக்கு மட்டும் இரண்டு பக்கமும் தெரியும், அப்பா, அம்மா உங்களைக் கிழிச்சுத் தொங்கவிடப் போறாங்க என்பாள், எப்படி என்று கேட்டால் சொல்லமாட்டாள், ஒரு மிட்டாய்க்குக்கூடச் சொன்னதில்லை...

அந்தக் குழந்தைதான் இப்போது காப்பீட்டு நிறுவனத்தில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறாள், எந்த வயதுக்காரர் எத்தனை வருடத்தில் சாவார் என்று பட்டியல் போட்டுக் கொடுக்கிற வேலை, எமனே சந்தேகம் வந்தால் அவளுக்குத்தான் போன் போடுவான், அவளிடம் இவர் பதினெட்டிலிருந்து பத்தொன்பது ஏறியிருக்கு பாரு என்றால் விடுவாளா? அப்பா, அந்தப் பதினெட்டு வந்த அன்னைக்கு அம்மாவுக்கு நூத்திரண்டு காய்ச்சல், காய்ச்சல்ல எழுதின பரிட்சையை அடிப்படையா வச்சுக்கிட்டு ஏறிடுச்சுன்னு சொல்றீங்க, இதையே வேற யாராச்சும் பண்ணியிருந்தா அம்மா என்ன சொல்லியிருப்பாங்க... அம்மா என்ன சொல்லியிருப்பாள் என்று அவருக்குத் தெரியாதா, நன்றாகவே தெரியும், அதனால்தான் உடனே பேச்சை மாற்றினார், சரி, உங்கம்மா தொலைஞ்சுபோன கணக்குக்கு வா, இந்த ஒரு வருஷத்துல மூணே மூணு நாள்தான் வீட்டை விட்டுப் போயிருக்கா, மீதி முந்நூத்து அறுபத்திரண்டு நாளும் வீட்டுலதான், நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது வருது, உங்க கம்பெனியில எந்தப் பாலிசியாவது நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது குடுக்குதா? மூணு நாளும் இந்த ரெண்டு மாசத்துக்குள்ளப்பா, என்றாள் மகள், அதுக்கு முன்னாடி பத்து மாசத்துல எத்தனை, நீங்களே சொல்லுங்க, எனக்கு அவசரம் இல்லை... அதே வாக்கியம், அதே இடத்தில் மூச்சு விட்டு, அம்மாவின் குரலையே எடுத்துப் போட்டுக்கொண்டது போல, சராசரிக்குக் காது மடல் சிவந்தது, ஆனால் இந்தத் தடவை கல்யாணம் செய்துகொள்ளத் தோன்றவில்லை, போனை வைத்துவிட்டு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளத் தோன்றியது.

மூன்றாவது தடவை தொலைந்தபோது அவள் பேருந்து நிறுத்தத்தில்தான் இருந்தாள், சங்க அலுவலகத்துக்குப் போகக் காத்திருந்தாளாம், சங்க அலுவலகம் இருந்த கட்டிடத்தை இடித்து அங்கே கண்ணாடிக் கடை வந்து பல காலம் ஆயிற்று, வெயிலில் நின்றிருக்கிறாள், வருகிற பேருந்தையெல்லாம் விட்டுவிட்டு நின்றிருக்கிறாள், ஒரு டிரைவர் வண்டியை நடுத்தெருவில் நிறுத்தி, பின்னால் நூறு வண்டி ஹாரன் அடிக்க, இறங்கி வந்து, எங்க பூதக்கண்ணாடி அம்மா இல்ல இவங்க என்று கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு, தன் தடத்தை மாற்றி, பயணிகளோடு பேருந்தை இந்தத் தெருவுக்குள் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனான், ஒரு பயணிகூட முணுமுணுக்கவில்லை என்று சராசரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார், கதையை நீட்டி நீட்டி, ஜன்னல் வழியாக எல்லோரும் கையாட்டினார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார், கைதட்டினார்கள் என்றும் ஒருவரிடம் சொன்னதாக ஞாபகம்... ஏன் அப்படிச் சொன்னோம்? அவளுடைய உதடு வெடித்திருந்ததை, செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருந்ததை, வாசலில் இவரைப் பார்த்ததும் இன்னைக்கு ஆபீஸ் லீவா சார் என்று கேட்டதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை? சார்... கல்யாணமான முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு தடவை, அதையும் வகுத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத அளவுக்குச் சின்ன எண், புள்ளிக்குப் பிறகு எத்தனை பூஜ்யம் வேண்டுமானாலும் போடலாம், போட்டார், தூக்கம்தான் வரவில்லை.

துண்டுகள் முடிந்துவிட்டன, போர்வைகள் மிச்சம், போர்வைக்கு இரண்டு ஆள் வேண்டும், அவள் ஒரு முனையின் இரண்டு மூலைகளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பிடிங்க, என்றாள், அவர் மறுமுனையைப் பிடித்தார், இருவரும் பின்னுக்கு நகர்ந்து போர்வையை இழுத்து விறைப்பாக்கினார்கள், சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை, அவள் உதறினாள், அவரும் உதறினார். மணி மூன்றரை. மகளிடம் பேசுவதற்கு முன்னால் வாதத்தை ஒரு தடவை யாரிடமாவது சோதித்துப் பார்த்துவிட்டால் நல்லது, ஓட்டை இருந்தால் தெரிந்துவிடும், இந்த ஊரில் ஓட்டை கண்டுபிடிக்க இவளைவிட ஆள் உண்டா... இது எவ்வளவு கோணலான யோசனை என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது, இவளைப் பற்றிய வழக்குக்கு இவளையே எதிர் வக்கீலாக வைப்பது, ஆனால் வாய் அதற்குள் ஆரம்பித்துவிட்டது, இங்க பாரு, ஒரு கணக்கு சொல்றேன், நீ எப்பவும் போலக் கிழிக்கணும். அவள் போர்வையைப் பார்த்தாள், இதையா, நல்லாத்தானே இருக்கு, எதுக்குக் கிழிக்கிறீங்க? இதை இல்லை, கணக்கை, ஒரு அம்மா இருக்காங்கன்னு வச்சுக்கோ, அவங்களுக்கு மூணு பரிட்சை, முதல்ல பதினெட்டு, அப்புறம் இருபத்தொண்ணு, இப்ப பத்தொன்பது, அவங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்னா, முதல் தடவைக்கு இப்ப ஏறியிருக்கு, அதனால அவங்க வீட்டுலயே இருக்கலாம்கிறார். சொல்லிவிட்டு நிறுத்தினார், போர்வையின் மறுமுனையில் அவள் முகத்தைப் பார்த்தார், வரட்டும், வகுக்கட்டும், காய்ச்சலை எடுத்து முகத்தில் அடிக்கட்டும், மூணு எண்ணை வச்சு ஏற்றமும் சொல்ல முடியாது இறக்கமும் சொல்ல முடியாது, நீங்கள்லாம் எப்படிங்க சம்பளம் வாங்கினீங்க என்று கேட்கட்டும், கேட்டால் போதும், இந்த வழக்கில் சுக்குநூறாகத் தோற்றுவிட்டு அந்தத் தோல்வியையே மகளிடம் காட்டி ஜெயித்துவிடலாம், பாரு, உங்கம்மா என்னை எப்படி அடிச்சா பாரு என்று...

அவங்க வீட்டுக்காரர் சொல்றாரா, என்றாள் அவள். ஆமா. அப்ப ஏறித்தான் இருக்கும். போர்வையை அகலவாட்டில் மடக்கினாள், அவரும் மடக்கினார், கை தானாகச் செய்தது. இரு இரு, அவசரப்படாதே, அந்தப் பதினெட்டு வந்த அன்னைக்கு அவங்களுக்குக் காய்ச்சல், அதைச் சொல்லாம மறைச்சுட்டார், அவங்க பொண்ணு அதைக் கண்டுபிடிச்சிட்டா, இருபத்தொண்ணுலேர்ந்து பத்தொன்பது இறங்கியிருக்குன்னு சொல்றா. அவளும் சரியாத்தான் சொல்லுவா, என்றாள். ரெண்டு பேரும் எப்படிம்மா சரியா இருக்க முடியும், ஒருத்தர் தப்பா இருக்கணும்ல, நீ சொல்லு, நீ யார் பக்கம், என்று அவர் கேட்டது கெஞ்சலாக இருந்தது, வாழ்க்கையில் அந்த மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு எத்தனையோ அனுப்பியிருக்கிறார், கெஞ்சலை அனுப்பியதில்லை, ஜெயித்துவிட்டோம் என்று உடம்பு எங்கோ சொல்லிற்று, முதல் தடவையாகப் பூதக்கண்ணாடியை ஜெயித்துவிட்டோம், ஒரு கேள்விகூட இல்லாமல், இதுவா, ஜெயித்தால் இப்படியா இருக்கும், காலடியில் யாரோ படிக்கட்டை உருவிக்கொண்டது போல... அவள் தன் முனையைத் தூக்கிக்கொண்டு அவரை நோக்கி நடந்து வந்தாள், போர்வை மடிக்கிறவர்கள் அப்படித்தான் வர வேண்டும், அவள் மூலைகளை அவர் மூலைகளோடு சேர்த்தாள், சேர்த்த பிறகும் அவர் விரல்களை விடவில்லை. யார் பக்கமா இருந்தா என்ன, என்றாள் தணிந்த குரலில், ரெண்டு பேரும் அழாம இருந்தாச் சரி.

சொல்லிவிட்டுக் குனிந்து அடுத்த போர்வையைத் தேட ஆரம்பித்துவிட்டாள், அவர் அப்படியே நின்றார், மடித்த போர்வை கையில் இருந்தது... அழுததாக யார் சொன்னார்கள்? இவர் சொன்ன கணக்கில் எண் இருந்தது, காய்ச்சல் இருந்தது, அழுகை இல்லை. நேற்று மகள் ஸ்பீக்கரில் வைத்த போனில் அழுதாள், உண்மைதான், எனக்கு மட்டும் அம்மாவை அனுப்ப ஆசையாப்பா என்று கேட்டு அழுதாள், இவரும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார், அப்போது இவள் உள்ளறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், தூங்குகிறாள் என்றுதான்... அப்படியானால் கேட்டிருக்கிறாள், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள், அந்த அம்மா யார் என்று தெரிந்துதான் அவங்க வீட்டுக்காரர் சொல்றாரா என்று கேட்டிருக்கிறாள், தெரிந்துதான் விட்டுக்கொடுத்திருக்கிறாள், இவர் படுகிற பாட்டைப் பார்த்துப் பாவம் ஜெயிச்சுட்டுப் போகட்டும் என்று... இல்லை, அப்படியெல்லாம் இல்லை, ஏதோ குடும்பச் சண்டை என்று நினைத்து வாய்க்கு வந்த நல்ல வார்த்தையைச் சொல்லியிருக்கிறாள், எதைச் சொன்னாலும் சரி என்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், டாக்டரே சொல்லியிருக்கிறாரே, வாதம் செய்கிற சக்திதான் முதலில் போகும் என்று. ஒரே வாக்கியம், இரண்டு அறிக்கை, இரண்டும் பொருந்துகிறது, இடறாமல் பொருந்துகிறது. எது வேண்டும்? காலையிலிருந்து இவள் புத்தி தெளிந்துதான் இருக்கிறது, ஏறிக்கொண்டுதான் இருக்கிறது என்று சாதித்துக்கொண்டிருக்கிறோமே, சரி, ஏறியிருக்கிறது என்றே வைத்துக்கொள், அப்படியானால் ஜன்னலோரப் படுக்கை இவளுக்குத் தெரியும், நான்கு மணி தெரியும், வெயிலில் நின்றது தெரியும், இவரைச் சார் என்று அழைத்தது தெரியும், தெரிந்துகொண்டு, ஒரு சத்தம் இல்லாமல், துண்டை மூலைக்கு மூலை சேர்த்து மடித்துக்கொண்டிருக்கிறாள்...

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம். பொண்ணு வந்துட்டா போல, என்று சொல்லிவிட்டு அவள் கலைந்திருந்த தலையைக் கையால் ஒதுக்கிக்கொண்டாள், திரும்பி அவர் சட்டையில் திறந்துகிடந்த பொத்தானைப் போட்டுவிட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை, பொத்தானைத்தான் பார்த்தாள். மகள் செருப்பைக் கழற்றுகிறாள், இதோ உள்ளே வந்து கேட்கப் போகிறாள், என்னப்பா முடிவு பண்ணீங்க என்று, பதினெட்டிலிருந்து என்று ஆரம்பிக்க வாக்கியம் தயாராகத்தான் இருக்கிறது, ஒரு வாரமாகத் தீட்டிய வாக்கியம், ஆனால் இறங்கியிருக்கட்டும், என்றது மனம், மகள் சொன்னபடியே இறங்கியே இருக்கட்டும், இவளுக்கு எதுவும் தெரியாமலே இருக்கட்டும்... இப்படியும் ஒருத்தன் வேண்டிக்கொள்வானா, அப்படி வேண்டிக்கொண்டால் அவளை வீட்டில் வைத்துக்கொள்ளக் கேட்பது எந்த வாயால், என்று யோசித்தபடி, அவள் நீட்டிய அடுத்த போர்வையின் முனையைப் பிடித்துக்கொண்டார்.